ஒரு லிட்டர் பாலில் எத்தனை டீ?

எங்கள் தெருமுனை டீக்கடையில் காலை ஏழு மணிக்கெல்லாம் பேப்பர் நாலு துண்டாகப் பிரிந்துவிடும். விளையாட்டு ஒருவர் கையில், சினிமா இன்னொருவர் கையில், முதல் பக்கம் பெஞ்சின் அந்தக் கோடியில். எனக்கு வந்து சேர்வது பெரும்பாலும் யாருக்கும் வேண்டாத நடுப்பக்கம்தான். போன வாரம் அதன் மூலையில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி: சுகாதாரத்தில் எந்த நாடு எத்தனாவது இடம் என்று.

"நம்ம எத்தனாவதுண்ணே?" என்றார் மாஸ்டர், பாய்லருக்குப் பின்னாலிருந்து.

சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார். "காசு இருக்கிற நாடு மேல இருக்கும், இல்லாத நாடு கீழ கெடக்கும். இதுல கண்டுபுடிக்க என்னண்ணே இருக்கு?"

டீ ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டார். ஆனால் மனித உரிமைத் துறை பல வருடம் மல்லுக்கட்டிய கேள்வி அது. அன்றைக்கு இரண்டு டீ குடிக்கும் நேரத்தில் அவருக்குச் சொன்னதையும், அவசரத்தில் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் உரிமை என்கிற சொல். ஆரோக்கியத்துக்கான உரிமை என்றால் எல்லோரும் நோயில்லாமல் இருக்கும் உரிமை இல்லை. அப்படி ஒன்றை எந்த அரசாலும் தர முடியாது; கோடீஸ்வரனுக்கும் புற்றுநோய் வருகிறது. 1966இல் ஐ.நா. நிறைவேற்றி 1976இல் நடைமுறைக்கு வந்த பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. எட்டக்கூடிய மிக உயர்ந்த உடல்நலமும் மனநலமும் ஒவ்வொருவருக்கும் உரிமை என்பது அதன் சாரம். இந்தியா 1979இல் இதில் சேர்ந்தது, இலங்கை 1980இல். அமெரிக்கா 1977இல் கையெழுத்துப் போட்டது. இன்றுவரை அதன் செனட் ஒப்புதல் தரவில்லை.

12ஆம் பிரிவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2ஆம் பிரிவு. ஒவ்வொரு அரசும் தன்னிடம் இருக்கும் வளங்களை முடிந்த அளவுக்கு முழுமையாகப் பயன்படுத்தி, படிப்படியாக இந்த உரிமைகளை நிறைவேற்ற வேண்டும் என்கிறது அது. ஏழை நாடு ஒரே நாளில் சுவீடன் ஆகிவிட முடியாது என்ற நியாயமான ஒப்புதல் இதில் இருக்கிறது. அதே வாசல் வழியாகத்தான் எல்லா அரசுகளும் வெளியே நழுவுகின்றன. "எங்களிடம் பணம் இல்லை. படிப்படியாகச் செய்கிறோம்." இதை எப்படி மறுப்பது? பணம் இருந்ததா, இருந்தும் செய்யவில்லையா என்று யார் கணக்குப் பார்ப்பது?

ஒருமுறை எல்லா நாட்டையும் வரிசையில் நிறுத்திப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் 191 நாடுகளின் மருத்துவ அமைப்புகளைத் தரவரிசைப்படுத்தியது. பிரான்ஸ் முதலிடம், இத்தாலி இரண்டாமிடம், அமெரிக்கா 37, இலங்கை 76, இந்தியா 112. பெரிய ரகளை ஆனது. செலவோடு ஒப்பிட்டுத்தான் பார்த்திருந்தார்கள். ஆனால் ஐந்து வெவ்வேறு விஷயங்களை ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டி ஒற்றை எண்ணாக இறக்கியிருந்தார்கள். பல நாடுகளுக்குத் தரவே இல்லாத இடத்தில் ஊகக் கணக்கு. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் அப்படியொரு பட்டியலைப் போடவே இல்லை. உரிமை என்ற கோணமும் அதில் மையமாக இல்லை. 2008இல் ஐ.நா.வின் முன்னாள் சிறப்பு அறிக்கையாளர் பால் ஹன்ட்டும் சகாக்களும் வேறு பக்கமிருந்து முயன்றார்கள்: 194 நாடுகள், 72 குறியீடுகள், லான்செட் இதழில் நீண்ட கட்டுரை. சட்டத்தில் இந்த உரிமை இருக்கிறதா, தேசியத் திட்டம் இருக்கிறதா என்பவையெல்லாம் அதில் உண்டு. நல்ல வேலை. ஆனால் சட்டத்தில் எழுதியிருப்பது வேறு, வார்டில் நடப்பது வேறு என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் நான் மாஸ்டரிடம் திருப்பிக் கேட்டேன். "ஒரு லிட்டர் பால்ல எத்தனை டீ போடுவீங்க?"

"பதினாலு வரும்."

"புதுசா வந்த பையன் போட்டா?"

"அவன் கொதிக்க விட்டே பாதியத் தீத்துருவான். பத்து வந்தா பெருசு."

கணக்கு இதுதான். பையனை அளக்க வானத்திலிருந்து அளவுகோல் வேண்டாம். அதே ஒரு லிட்டரில் ஊரிலேயே கைதேர்ந்தவர் எத்தனை டீ போடுகிறார் என்று பார்த்தால் போதும். ஐந்து லிட்டர் பாலோடு எழுபது டீ போடும் கடையோடு அவனை ஒப்பிடக்கூடாது. ஐந்து லிட்டரை வாங்கி வைத்துக்கொண்டு நாற்பது டீ மட்டும் போடுகிறவர், "பையனைவிட நாலு மடங்கு போட்டேன்" என்று பெருமை பேசவும் விடக்கூடாது.

சகிகோ ஃபுகுடா-பார், டெர்ரா லாசன்-ரீமர், சூசன் ராண்டால்ஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள் நாடுகளுக்குச் செய்தது இதைத்தான். 2015இல் புத்தகமாகவும் வந்தது. தலா வருமானத்தை ஒரு அச்சில் வைத்தார்கள். குழந்தைகள் பிழைக்கும் விகிதம் போன்ற பலனை மறு அச்சில் வைத்தார்கள். பல பத்தாண்டுகளில் உலக நாடுகள் எட்டிய எல்லாப் புள்ளிகளையும் குறித்து, ஒவ்வொரு வருமானத்திலும் மேலே நிற்கும் புள்ளிகளை ஒட்டி ஒரு கோடு இழுத்தார்கள். அந்தக் கோடுதான் எல்லை. "இவ்வளவு பணத்தில் இவ்வளவு முடியும்" என்று யாரோ அறையில் உட்கார்ந்து கற்பனை செய்ததல்ல. உண்மையிலேயே ஒரு நாடு செய்து காட்டியது. நியூசிலாந்தைத் தளமாகக் கொண்ட மனித உரிமை அளவீட்டு அமைப்பு ஒன்று இன்று இந்த முறையில் நாடுகளுக்கு மதிப்பெண் போடுகிறது. ஐந்து வயதைத் தாண்டும் குழந்தைகள், பதினைந்து வயதானவர்களில் அறுபதைத் தொடுபவர்கள், நவீனக் கருத்தடை முறைகளின் பயன்பாடு ஆகியவை அதன் முக்கியமான எண்கள்.

மதிப்பெண் எப்படி வருகிறது? ஒரு கற்பனை நாட்டை வைத்துச் சொல்கிறேன். அங்கே ஆயிரம் குழந்தை பிறந்தால் 952 குழந்தைகள் ஐந்து வயதைத் தாண்டுகின்றன. கேட்பவருக்கு 95 சதவீதம், டிஸ்டிங்ஷன். ஆனால் அதே வருமானத்தில் இன்னொரு நாடு 980 பேரைக் காப்பாற்றிக் காட்டியிருக்கிறது. மிக மோசமான நிலையிலும் 700 பேர் பிழைப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். 700 வரை அரசு சம்பாதித்த மார்க் இல்லை. அதற்கு மேலே 280 படிகளில் இந்த நாடு 252 ஏறியிருக்கிறது. ஆக நூற்றுக்கு 90. மீதிப் பத்து மார்க்கை மனிதர்களாக மாற்றினால் ஆயிரத்துக்கு 28 குழந்தைகள். பணம் இல்லாததால் இறந்த குழந்தைகள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. இதே பணத்தில் இவர்களைக் காப்பாற்றிய நாடு கண்முன் நிற்கிறது. மீதமுள்ள 20 இறப்புகளுக்கு இந்தக் கணக்கில் வறுமை பொறுப்பேற்கும். இந்த 28க்கு அரசு பதில் சொல்ல வேண்டும். உரிமையை அளப்பது என்று நான் புரிந்துகொண்டது இந்தப் பிரிப்பைத்தான்.

கோட்டை இழுத்த பிறகு பணக்கார நாடு மேலே, ஏழை நாடு கீழே என்ற மாஸ்டரின் வாதம் உடைகிறது. எக்குவடோரியல் கினி என்று மத்திய ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாடு. 1990களில் எண்ணெய் கிடைத்தது, தலா வருமானம் விண்ணைத் தொட்டது. 1979 முதல் ஒரே அதிபர். 2019ஐ எடுத்துக்கொண்டால்கூட, விலைவாசி வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தால், அதன் தலா வருமானம் இலங்கையைவிட அதிகம். ஆனால் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் இலங்கையில் ஆயிரத்துக்கு ஏழு பேர் அளவில். அங்கே எழுபதுக்கும் மேல். பால் இருக்கிறது, டீ இல்லை. மறுபக்கம் அமெரிக்கா: நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 17 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவழிக்கிறது. ராணுவத்தையே கலைத்துவிட்ட கோஸ்டாரிகா அமெரிக்காவின் தலா வருமானத்தில் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு ஆயுட்காலத்தில் அதோடு தோளோடு தோள் நிற்கிறது.

"நம்ம பக்கம் சொல்லுங்கண்ணே" என்றார் மாஸ்டர். சரி, வங்கதேசம். 2010 வாக்கில் அதன் தலா வருமானம் இந்தியாவைவிடக் கணிசமாகக் குறைவு. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதமும் இந்தியாவைவிடக் குறைவு. எப்படி?

ஒரு காரணத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். 1980இல் பிராக் என்ற தொண்டு நிறுவனம் வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பியது. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தால் பிழைக்கும் என்பது அப்போது டாக்கா ஆராய்ச்சிக்கூடத்தில் தெரிந்த விஷயம். அதைக் கிராமத்து அடுப்படிக்குக் கொண்டுபோக வேண்டும். பாக்கெட் இல்லை, அளவுக் கரண்டி இல்லை. மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். அம்மாவின் கைதான் அளவு. பத்து வருடத்தில் ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளில் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

எனக்குப் பிடித்தது அவர்கள் ஊழியருக்குச் சம்பளம் போட்ட விதம். எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று கேட்கவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய், சில அம்மாக்களைப் பொறுக்கியெடுத்து, என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்பார். கரைசலைக் கலக்கச் சொல்லிக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். அம்மாவுக்கு நினைவிருந்தால் ஊழியருக்குப் பணம். பிறகு பார்த்தால் அம்மாக்களுக்குப் பாடம் மனப்பாடம், ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும்போது பலர் கலக்கிக் கொடுக்கவில்லை. ஏன் என்று தோண்டியபோது, சொல்லிக்கொடுத்த ஊழியர்களே அதை முழுக்க நம்பவில்லை என்று தெரிந்தது. பயிற்சியை மாற்றினார்கள். சரியான இடத்தில் அளந்ததால்தான் தப்பு எங்கே என்று பிடிபட்டது.

மாஸ்டர் இந்த இடத்தில் ஒரு போடு போட்டார். "பதினாலு டீன்னேன்ல? தண்ணி ஊத்துனா இருபது கூடப் போடலாம். நீங்க கிளாஸத்தான எண்ணுவீங்க."

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. இந்தியாவில் மருத்துவமனையில் நடக்கும் பிரசவங்கள் 2005-06 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 39 சதவீதம், 2019-21இல் 89. பிரமாதமான ஏற்றம், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிரசவ அறையில் தண்ணீர் வந்ததா, நடுராத்திரியில் ரத்தம் கிடைத்ததா, மயக்க மருந்து டாக்டர் இருந்தாரா என்பது அந்த 89க்குள் இல்லை. 2000இல் ஐ.நா. குழு இந்த உரிமைக்கு எழுதிய விளக்கவுரை நாலு கேள்வி கேட்கச் சொல்கிறது. மருத்துவம் இருக்கிறதா? எல்லோருக்கும் எட்டுகிறதா? மக்களின் மானத்துக்கும் பண்பாட்டுக்கும் ஒத்து வருகிறதா? தரமாக இருக்கிறதா? முதல் கேள்விக்கு எண் கிடைப்பது சுலபம். கடைசி இரண்டு கேள்விகளுக்கு வரும்போது எண்கள் மெலிந்துபோகின்றன. வாசலிலேயே அதட்டுகிற, சாதி பார்க்கிற, கல்யாணமாகாத பெண் என்றால் ஏளனமாகப் பேசுகிற மருத்துவமனையை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

இன்னொரு குழியும் உண்டு. மருத்துவச் செலவால் குடும்பங்கள் நொடிந்துபோவதை அளக்க ஒரு குறியீடு இருக்கிறது. வீட்டுச் செலவில் பத்து சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குப் போனால் அது பேரிடர்ச் செலவு என்று நெடுநாள் எண்ணி வந்தார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் தாலியை அடகு வைத்து ஆஞ்சியோ செய்துகொண்டவர்தான் அந்தக் கணக்கில் வருவார். "நமக்கெதுக்கு அதெல்லாம்" என்று திண்ணையிலேயே படுத்துச் செத்தவர் ஒரு பைசா செலவழிக்கவில்லை. ஆகவே அவர் குடும்பம் பத்திரமான குடும்பம். ஏழைகள் மருத்துவமனைக்கே போகாத நாடு இந்தக் குறியீட்டில் நன்றாக மார்க் வாங்கிவிடும்.

கோடு இழுக்கும் முறையிலும் குறை இருக்கிறது. உடன்படிக்கை சொல்வது வளங்கள். ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வது தலா வருமானம். ஒரு நாட்டின் வருமானத்தில் பாதி கடன் வட்டிக்குப் போகிறதா, பணக்காரர்கள் வரி கட்டுகிறார்களா என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது. இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. மருந்து இல்லாமல் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அந்த வருடத்து வலி பிழைப்பு விகிதத்தில் உடனே தெரியாது; அது மெதுவாக நகரும் எண். பணவீக்கம் ஒரே மாதத்தில் தெரிந்துவிடும்.

இலங்கையைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது, ஏனென்றால் குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம் என்று உலகம் பேச ஆரம்பித்ததே இலங்கை, கேரளம், கோஸ்டாரிகா, சீனா ஆகியவற்றைப் பார்த்துத்தான். 1985இல் ராக்பெல்லர் அறக்கட்டளை அந்தத் தலைப்பிலேயே ஒரு நூல் வெளியிட்டது. 1940களில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். இந்த நூற்றாண்டில் அது சில பத்துகளாக இறங்கிவிட்டது. எப்படி? 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மருத்துவ மாது, அவர் கையில் வீட்டு வாரியாகக் கர்ப்பிணிகளின் பதிவேடு. 1980களிலிருந்து ஒவ்வொரு தாயின் மரணத்தையும் தனியாக விசாரித்து ஏன் என்று எழுதுகிறார்கள். எண்ணுவதே சிகிச்சையில் பாதி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் நாடு இலங்கை. அதற்குள் மலையகம் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குக் கொண்டுவரப்பட்ட தமிழர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. கடைசி மிச்சத்தையும் சரிசெய்ய 2003 வரை ஆனது. தோட்டத்து வைத்தியம் நெடுங்காலம் அரசின் கையில் இல்லை, தோட்ட நிர்வாகத்தின் கையில். லயன் எனும் வரிசை வீட்டு அறையில் வாழ்கிறவர்களுக்கு நாட்டின் புகழ்பெற்ற அமைப்பு தாமதமாக, அரைகுறையாக வந்தது. 2016ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் நாடு முழுக்க நூற்றுக்கு 17. தோட்டங்களில் 32. நாட்டுச் சராசரிக்கு மார்க் போடும்போது இந்த 32 கரைந்துபோகிறது, ஏனென்றால் தோட்டத்து மக்கள் சின்னத் தொகை. அமெரிக்காவிலும் இதே கதை: 2021இல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 33 தாய்மார் இறந்தார்கள், கறுப்பினப் பெண்களை மட்டும் பார்த்தால் 70.

எங்கள் மாஸ்டர் போடுவது நீலகிரித் தூள், இலங்கைத் தூள் இல்லை. ஆனாலும் இதைச் சொன்னபோது இரண்டு பேருமே கையிலிருந்த கிளாஸைப் பார்த்தோம்.

உரிமை என்ற கண்ணால் பார்த்தால் இலங்கைக்கு இரண்டு மார்க் போட வேண்டும், இரண்டையும் ஒரே வரியில் எழுத வேண்டும் என்பது என் தீர்ப்பு. வருமானத்துக்கு மீறிச் செய்தது என்பது உண்மை. அப்படிச் செய்யத் தெரிந்த அரசு கொழுந்து பறிக்கிறவர்களுக்கு மட்டும் செய்யவில்லை என்பதும் உண்மை. முதலாவது இரண்டாவதை மன்னிக்காது, இன்னும் கடுமையாக்கும். முடியாது என்று சொல்ல அதற்கு வழியில்லை.

"சரிண்ணே, இந்த எண்ணெல்லாம் எவன் எழுதுறான்?" என்றார் மாஸ்டர், பால் சட்டியைக் கழுவிக்கொண்டே. பிறப்பையும் இறப்பையும் ஒழுங்காகப் பதிவு செய்யும் நாடுகளில் பதிவேடு எழுதுகிறது. இலங்கையில் 1867 முதல் அந்தப் பதிவு இருக்கிறது. அது இல்லாத நாடுகளில் ஒருவர் கதவைத் தட்டி, உட்கார்ந்து, "உங்களுக்கு எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை உயிரோடு இருக்கிறது" என்று அம்மாவைக் கேட்க வேண்டும். 1984 முதல் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் இப்படிக் கதவைத் தட்டிய கணக்கெடுப்புத் திட்டம் அமெரிக்க அரசின் பணத்தில் நடந்தது. பல ஏழை நாடுகளின் குழந்தை இறப்பு விகிதம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வந்தது. 2025 பிப்ரவரியில் அந்தப் பணத்தை நிறுத்திவிட்டார்கள்.